ஷார்ட்கட் ஐகான் வெள்ளையானால், மாறினால், மறைந்தால்: டெஸ்க்டாப்பைச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

ஐகான் கோளாறு ஒன்றுக்காகக் கணினியையே ஃபார்மட் செய்த கடைகள் மதுரையில் உண்டு. அதற்குத் தேவையே இருக்காது. புதிதாகக் கணினிப் பராமரிப்பு வேலைக்கு வரும் பையன்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள்: பார்க்க வேண்டிய நேரத்தில் அழிக்கிறார்கள், ஒரு சொடுக்கில் தீர வேண்டியதற்கு விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவேட்டைத் (ரெஜிஸ்ட்ரி) திறக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்ய வேண்டும்; இரண்டாம் படி வேறொரு படிக்கு அனுப்பினால் மட்டும் நேராக அங்கே செல்லலாம். முதலில் வருபவை திரும்பப் பெறக்கூடியவை. பின்னால் செல்லச் செல்ல எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படும்.

இது விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்கானது. விண்டோஸ் 7 வேறுபடும் இடங்களை அந்தந்தப் படியிலேயே குறித்திருக்கிறேன். கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதைப் போல எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இயங்கினால் அதை முதலில் நிறுத்திவிடுங்கள். டி.டி.பி. நிலையங்களில் கட்டளை வேலை செய்யாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

1. தொடங்கும் முன்

டெஸ்க்டாப்பை அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் போடுபவர் ஐகானின் பெயரைப் படித்துச் சொடுக்குவதில்லை. இடப்பக்கம் மேலிருந்து மூன்றாவது என்று அவருக்குக் கை பழகியிருக்கும். வேலை முடிந்தபின் ஐகான்கள் இடம் மாறியிருந்தால், நீங்கள் எவ்வளவு நன்றாகச் சரிசெய்திருந்தாலும் மறுநாள் காலையில் அழைப்பு வரும்.

அடுத்து, எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' பெட்டி வரும். அதில் 'விண்டோஸ்' என்பதன் முதல் மூன்று எழுத்துகளையும் 'வெர்ஷன்' என்பதன் முதல் மூன்று எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பு தெரியும். ஐகான் படங்களைச் சேமிக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

திறந்திருக்கும் டேலி, வேர்டு கோப்புகளையெல்லாம் சேமித்து மூடிவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது முதலாளியின் மகனுக்குத்தான் தெரியும், அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்பது பாதி வேலையில் தெரியவந்தால் நேரம் வீணாகும். அன்று மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை உண்டா, யு.பி.எஸ். பேட்டரி தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். ஷார்ட்கட் என்பது வேறோர் இடத்தில் இருக்கும் மென்பொருளுக்கோ கோப்புக்கோ வழி சொல்லும் சிறு கோப்பு மட்டுமே. அதை அழித்தாலும் கணக்கு அழியாது. ஆனால் டெஸ்க்டாப்பில் இருப்பவை எல்லாமே ஷார்ட்கட் அல்ல. இடது கீழ் மூலையில் சிறு அம்புக்குறி இல்லாதவை பெரும்பாலும் உண்மையான கோப்புகள். அவற்றை அழித்தால் உள்ளிருப்பதும் சேர்ந்தே போகும்.

2. திறந்து பார்த்து வகை பிரித்தல்

எதையும் மாற்றுவதற்கு முன், கோளாறுள்ள ஐகானை இருமுறை சொடுக்குங்கள். என்ன நடக்கிறது என்பதே அடுத்து எந்தப் படிக்குச் செல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

மென்பொருள் ஒழுங்காகத் திறந்தால் ஷார்ட்கட்டில் குறையில்லை. படம் மட்டுமே கெட்டிருக்கிறது. ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள். 'பிராப்ளம் வித் ஷார்ட்கட்' என்ற தலைப்பில் ஒரு பெட்டி வந்தால் வழி தவறியிருக்கிறது. நான்காம் படியைப் பாருங்கள். எந்த ஐகானைச் சொடுக்கினாலும் நோட்பேடோ வேறு ஏதோ ஒரே மென்பொருளோ திறந்தால் ஏழாம் படி. ஐகானே இல்லை என்றால் மூன்றாம் படி. பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபோல்டர்களுக்கு அம்புக்குறி முளைத்திருந்தால் மட்டும் சொடுக்கவே வேண்டாம்; நேராக எட்டாம் படிக்குச் செல்லுங்கள்.

'பிராப்ளம் வித் ஷார்ட்கட்' பெட்டி, அந்த ஷார்ட்கட்டை அழித்துவிடலாமா என்றும் கேட்கும். 'நோ' என்றே சொல்லுங்கள். தவறிய வழியாக இருந்தாலும், மென்பொருள் முன்பு எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஷார்ட்கட்தான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம். அவசரத்தில் 'யெஸ்' கொடுத்திருந்தால் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பாருங்கள்.

3. ஐகானே காணவில்லை என்றால்

டெஸ்க்டாப் முழுவதும் காலியாக இருந்தால், வெற்றிடத்தில் வலது சொடுக்கு, 'வியூ', அதில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்ற வரியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டியைத் துடைக்கும்போது இது தவறுதலாக அணைந்திருக்கக்கூடும். விண்டோஸ் 10 இயங்கும் தொடுதிரைக் கணினியில் 'டேப்லெட் மோட்' இயங்கினாலும் டெஸ்க்டாப் ஐகான்கள் தெரியாது. திரையின் வலது கீழ் மூலையிலுள்ள அறிவிப்புப் பலகையில் அதை அணைக்கலாம்.

பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் புரொஜெக்டரை இணைத்துக் கழற்றிய கணினியென்றால், விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் இல்லாத திரை வரை நீண்டிருந்தால் ஐகான்கள் அங்கேயே தங்கியிருக்கும்.

'திஸ் பிசி', 'ரீசைக்கிள் பின்' ஆகியவை மட்டும் இல்லையென்றால் ஷார்ட்கட் போட்டுத் திருப்தியடைய வேண்டாம். 'செட்டிங்ஸ்', 'பெர்சனலைசேஷன்', 'தீம்ஸ்', 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' என்ற வழியில் சென்று டிக் செய்தால் உண்மையான ஐகானே வரும். அவற்றின் படம் மாறியிருந்தால் அதே பெட்டியில் 'ரீஸ்டோர் டிஃபால்ட்' உள்ளது. 'அலவ் தீம்ஸ் டு சேஞ்ச் டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், அடுத்த முறை யாராவது புதுத் தீம் போடும்போது படம் திரும்பவும் மாறும்.

சில ஐகான்கள் மட்டும் காணாமல் போயிருந்தால் ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். டெஸ்க்டாப்பைக் காப்புப்படி எடுக்கும் வசதி இயங்கினால், டெஸ்க்டாப் ஃபோல்டர் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்துவிடும். பிறகு யாராவது அந்த வசதியை அணைத்தால் கோப்புகள் அங்கேயே தங்க, இங்கே டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். ஒன்டிரைவுக்குள் 'டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

டெஸ்க்டாப்பில் நாம் காண்பது இரண்டு ஃபோல்டர்களின் சேர்க்கை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பயனருக்கு உரியது. மற்றொன்று சி டிரைவில் 'யூசர்ஸ்', 'பப்ளிக்' என்பதற்குள் மறைந்திருக்கும் பொது டெஸ்க்டாப். ஒரு பயனர் பொது ஐகானை அழித்தால் எல்லாருடைய திரையிலிருந்தும் அது போய்விடும். காலையில் வேலை பார்ப்பவர் அழித்ததற்கு மாலையில் வருபவர் விழிப்பது இதனால்தான்.

இவை எதுவும் இல்லாமல், வால்பேப்பரும் மாறி, புதுக் கணினி போலத் திரை வந்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் தற்காலிகப் பயனர் கணக்கில் நுழைந்திருக்கலாம். வெளியேறும்போது அதில் சேமித்தவை எல்லாம் அழிந்துவிடும். எதையும் சேமிக்காமல் கணினியை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் நுழைந்து பாருங்கள். அதே நிலை நீடித்தால் அது பயனர் கணக்கின் சேதம். இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது.

4. வழி தவறிய ஷார்ட்கட்

ஷார்ட்கட்டை வலது சொடுக்கி 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டார்கெட்' கட்டத்தில் உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், எந்தக் கோப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றுள் ஒன்று மட்டுமே மாறியிருக்கும்.

வழி இரண்டு சாய்கோடுகளில் தொடங்கினால் மென்பொருள் வேறொரு கணினியில் இருக்கிறது. கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகளில் இதுதான் வழக்கமான அமைப்பு. உள்ளறையில் ஒரு முதன்மைக் கணினி, கல்லாவில் இரண்டு. காலையில் கடை திறந்த வேகத்தில் கல்லாக் கணினியை முதலில் போட்டுவிடுவார்கள். உள்ளறைக் கணினி இயங்காததால் டேலி ஐகான் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும்.

"அண்ணே, டேலி வெள்ளையாப் போச்சுண்ணே. அழிச்சிட்டு வேற போட்டுரவா?"

"எதையும் தொடாத தம்பி. உள்ள இருக்கிற கம்ப்யூட்டர ஆன் பண்ணியாச்சா?"

முதன்மைக் கணினி முழுமையாக இயங்கத் தொடங்கிய பின், கல்லாக் கணினியில் டெஸ்க்டாப்பைச் சொடுக்கி எஃப் 5 அழுத்தினால் போதும். படம் அப்போதும் திரும்பவில்லை என்றால், அந்தப் பகிர்வு ஃபோல்டரை ஒருமுறை நேரடியாகத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கோளாறு நெட்வொர்க்கில் இருக்கிறது. ஐகானோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

டிரைவ் எழுத்து மாறியிருப்பது அடுத்த வகை. வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்கில் மென்பொருளையோ கோப்புகளையோ வைத்திருப்பவர்களுக்கு இது வரும். அதற்கு முன்பே ஒரு பென்டிரைவ் செருகப்பட்டிருந்தால், ஹார்டு டிஸ்க் நேற்று பெற்ற எழுத்தை இன்று பெறாது. ஷார்ட்கட்டின் வழியை ஒவ்வொரு முறையும் திருத்துவது வீண் வேலை. ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்கி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, அந்த டிஸ்குக்கு எக்ஸ் போன்ற கடைசி எழுத்துகளுள் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு தூரம் பென்டிரைவுகள் வந்து சேராது. சி டிரைவின் எழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

டிரைவும் ஃபோல்டரும் இருந்து கோப்பு மட்டும் இல்லையென்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு வேறு ஃபோல்டருக்கு மாறியிருக்கலாம்; 32 பிட் பதிப்பை நீக்கி 64 பிட் போடும்போது 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற இரு ஃபோல்டர்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது செல்வது வழக்கம். அல்லது ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து ஒதுக்கியிருக்கலாம். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' என்ற பகுதியைப் பார்த்தால் தெரியும். விலை கொடுத்து வாங்காத மென்பொருளை அது பிடித்திருந்தால், திரும்ப விடுவிக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஷார்ட்கட் மறைந்துவிட்டது என்பதற்காக மென்பொருளே போய்விட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. 2023 ஜனவரி 13 அன்று மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, குறிப்பிட்ட பாதுகாப்பு விதி இயங்கிய அலுவலகக் கணினிகளில் ஷார்ட்கட்டுகளை மட்டும் அழித்தது; மென்பொருள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எனவே மறுபடி நிறுவும் முன் ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டிப் பாருங்கள். கிடைத்தால் வலது சொடுக்கி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்து, அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு நகலெடுக்கலாம்.

வழியைக் கையால் திருத்துபவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழு வழியையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். அந்த வழியை வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டினால், நேர் மேற்கோளுக்குப் பதில் வளைந்த மேற்கோள் வந்துவிடலாம். விண்டோஸ் அதை ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் பலர் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். மேற்கோளை அழித்துவிட்டு விசைப்பலகையில் நேரடியாகத் தட்டுங்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தையும் மறக்காதீர்கள். சில பழைய மென்பொருள்கள் தம் அமைப்புக் கோப்புகளை அந்த ஃபோல்டரில்தான் தேடும்.

5. படம் மட்டும் தவறு என்றால்

முதலில் டெஸ்க்டாப்பில் எஃப் 5. அதற்கு மசியவில்லை என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்பதை வலது சொடுக்கி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து திரும்பும். டெஸ்க்டாப்பை வரைவதே எக்ஸ்ப்ளோரர்தான் என்பதால், அது புதிதாக வரையும்போது பல ஐகான்கள் தாமாகவே சரியாகும்.

அதன் பின்னும் மாறாவிட்டால் 'ரன்' பெட்டியில் இதைத் தட்டுங்கள்: ஐ, இ, 4, யு, அதையடுத்து 'இனிஷியல்' என்பதன் முதல் நான்கு எழுத்துகள், இதுவரை இடைவெளி கிடையாது. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி 'ஷோ'. திரையில் எந்தப் பெட்டியும் வராது. வேலை நடக்கவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம். இது விண்டோஸ் 10க்கும் அதற்குப் பின் வந்ததற்கும் உரிய முறை.

ஒரே ஓர் ஐகான் மட்டும் பிடிவாதம் பிடித்தால், 'பிராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'சேஞ்ச் ஐகான்' கொடுத்துப் படத்தை மறுபடி தேர்ந்தெடுங்கள். கடையின் சொந்த லோகோவை ஐகானாக வைத்தவர்களுக்கு இங்கே ஒரு சொல். ஷார்ட்கட்டுக்குள் படம் சேமிக்கப்படுவதில்லை. படக் கோப்பு இருக்கும் இடம் மட்டுமே சேமிக்கப்படுகிறது. பென்டிரைவிலோ 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலோ இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு அதை எடுத்தால் அல்லது அழித்தால் ஐகான் வெளுத்துவிடும். 'பப்ளிக் பிக்சர்ஸ்' போன்ற யாரும் துடைக்காத ஃபோல்டரில் அதை முதலில் வைத்துவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

ஜேபெக் படத்தின் பெயருக்குப் பின் புள்ளியோடு வரும் பின்னொட்டை மட்டும் ஐகானுக்கு உரியதாக மாற்றிவைப்பது டி.டி.பி. நிலையங்களில் காணும் குறுக்குவழி. அது பயன்படாது. ஐகான் கோப்பு வேறு வகையானது. ஒரே கோப்புக்குள் 16, 32, 48, 256 என்று பல அளவுகளில் படங்கள் இருக்கும். முறையாக மாற்றித்தரும் மென்பொருளில் கொடுத்தே அதை உருவாக்க வேண்டும்.

இணையதள ஷார்ட்கட்டுகள் தனி இனம். பொதுச் சேவை மையங்களில் அரசுத் தளங்களுக்கான ஷார்ட்கட்டுகள் வரிசையாக இருக்கும். ஒருநாள் எல்லாமே ஒரே படத்துக்கு மாறிவிடும். யாரோ வழக்கமான பிரௌசரை மாற்றியிருப்பார்கள். தனக்கென ஐகான் குறிப்பிடாத இணைய ஷார்ட்கட், அப்போதைய பிரௌசரின் படத்தையே காட்டும். 'டிஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் பழைய பிரௌசரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் திரும்பும்.

6. ஐகான் கேஷை அழித்துப் புதுப்பித்தல்

பல ஐகான்கள் ஒரே நேரத்தில் தவறான படத்தைக் காட்டி, ஐந்தாம் படியில் எதுவும் பலிக்காதபோது மட்டும் இங்கே வாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் மென்பொருளுக்குள் சென்று படத்தை எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்ததைக் கேஷ் கோப்புகளில் வைத்துக்கொண்டு அதையே காட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அக்கோப்புகள் சேதமடையலாம். அவற்றை அழித்தால் விண்டோஸ் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது.

'ரன்' பெட்டியில் விழுக்காட்டுக் குறி, 'லோக்கல் ஆப் டேட்டா' என்பது இடைவெளியின்றி, மீண்டும் விழுக்காட்டுக் குறி தட்டி என்டர் கொடுங்கள். மறைந்திருக்கும் அந்த ஃபோல்டருக்கு இவ்வழியில் நேராகச் சென்றுவிடலாம். அங்கிருந்து 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செல்லுங்கள். 'ஐகான்கேஷ்' என்று தொடங்கும் பல கோப்புகளும் 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் பல கோப்புகளும் தெரியும். நமக்கு வேண்டியவை முன்னவை மட்டுமே. பின்னவை புகைப்படங்களின் சிறுபடங்கள். ஸ்டூடியோக்காரர்களின் கணினியில் அவற்றை அழித்தால் ஆல்பம் ஃபோல்டர்கள் திறக்க வெகுநேரம் ஆகும்.

இப்போது அதே ஜன்னலின் மேலே முகவரிப் பட்டையைச் சொடுக்கி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். அது இந்த ஃபோல்டரிலேயே நிற்கும் என்பதால் நீண்ட வழியைத் தட்ட வேண்டியதில்லை. மற்ற ஜன்னல்களை மூடிவிட்டு, கட்டளைத் திரையை மட்டும் திறந்து வையுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது சொடுக்கி, இம்முறை 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். டாஸ்க்பாரும் ஐகான்களும் மறையும். பயப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்ப்ளோரர் இயங்கும்வரை கேஷ் கோப்புகளை அது பிடித்துவைத்திருக்கும். அதனால்தான் சாதாரணமாக அழிக்கப் பார்த்தால் 'ஃபைல் இன் யூஸ்' என்று வருகிறது. கட்டளைத் திரையை முதலிலேயே திறக்கச் சொன்னதற்கும் இதுவே காரணம்: எக்ஸ்ப்ளோரரை நிறுத்திய பிறகு திறக்க வழி தேடி முழிப்பவர்கள் பலர்.

கட்டளை இது: 'டெலீட்' என்பதன் முதல் மூன்று எழுத்துகள், இடைவெளி, கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோடு, அதை ஒட்டி ஏ, இடைவெளி, 'ஐகான்' 'கேஷ்' இரண்டும் சேர்த்து, அதை ஒட்டியே நட்சத்திரக் குறி. கடைசியில் நட்சத்திரத்துக்கு முன் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் அந்த ஃபோல்டரிலுள்ள எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னதாக விண்டோஸ் எடுத்துக்கொண்டு, 'ஆர் யூ ஷ்யூர்' என்று கேட்கும். சரியாகத் தட்டியிருந்தால் அந்தக் கேள்வி வராது. வந்தால் 'என்' கொடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

ஓரிரு கோப்புகளை அழிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால் வேறு ஏதோ மென்பொருள் அவற்றைப் பிடித்திருக்கிறது. மற்றவை அழிந்திருந்தால் அதுவே பெரும்பாலும் போதும். ஒன்றுகூட அழியாவிட்டால் பயனர் கணக்கிலிருந்து 'சைன் அவுட்' செய்து, வேறோர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, சி டிரைவில் 'யூசர்ஸ்' வழியாக முந்தைய பயனரின் அதே ஃபோல்டருக்குச் சென்று அழிக்கலாம். 'ஸ்விட்ச் யூசர்' செய்தால் பழைய கணக்கு பின்னால் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் பலனில்லை.

முடிந்ததும் டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து 'எக்ஸ்ப்ளோரர்' என்று தட்டுங்கள். அதன் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு இயக்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் செய்ய வேண்டாம். பின்னர் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஐகான்கள் ஒவ்வொன்றாக மெல்ல வரும், அது இயல்பே.

விண்டோஸ் 7 என்றால் 'லோக்கல் ஆப் டேட்டா' ஃபோல்டரிலேயே 'ஐகான்கேஷ்' என்ற ஒற்றைக் கோப்பு மறைந்திருக்கும். உள்ளே செல்லாமல் அங்கேயே இதே முறையில் அழிக்கலாம். கட்டளைத் திரை மட்டும் அந்த ஃபோல்டரில் நிற்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரை நிறுத்த, டாஸ்க் மேனேஜரின் 'புராசஸஸ்' பகுதியில் எக்ஸ்ப்ளோரர் கோப்பைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் புராசஸ்' கொடுங்கள். திரும்ப இயக்க 'ஃபைல்' மெனுவில் 'நியூ டாஸ்க்'.

7. எல்லா ஷார்ட்கட்டும் ஒரே மென்பொருளாகத் திறந்தால்

யாரோ ஒரு ஷார்ட்கட்டை 'ஓப்பன் வித்' மூலம் திறந்து, எப்போதும் இதிலேயே திற என்று சொல்லியிருக்கிறார். அப்போது எல்-என்-கே என்ற பின்னொட்டுள்ள கோப்புகள் அனைத்தும், அதாவது எல்லா ஷார்ட்கட்டுகளும், அந்த மென்பொருளின் உடைமையாகிவிடும். இதற்குக் கேஷை அழித்துப் பயனில்லை.

'ரன்' பெட்டியில் 'ரெஜிஸ்ட்ரி' என்பதன் முதல் மூன்று எழுத்துகளோடு 'எடிட்' சேர்த்துத் தட்டினால் பதிவேடு திறக்கும். 'கரன்ட் யூசர்', 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ்', 'கரன்ட் வெர்ஷன்', 'எக்ஸ்ப்ளோரர்', 'ஃபைல் எக்ஸ்ட்ஸ்' என்று இறங்கி, புள்ளியோடு தொடங்கும் எல்-என்-கே என்ற கிளையைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதை வலது சொடுக்கி 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுங்கள். பிறகு அதனுள் 'யூசர் சாய்ஸ்' என்ற உட்கிளை இருந்தால் அதை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்த உட்கிளை இல்லையென்றால் வேறெதையும் அழித்துப் பார்க்காதீர்கள்.

அம்புக்குறி இருந்த இடத்தில் கறுப்புச் சதுரமோ வெள்ளைச் சதுரமோ தெரிந்தால், அழகுக்காக அம்பை நீக்க யாரோ முயன்றிருக்கிறார். பதிவேட்டில் 'லோக்கல் மெஷின்' என்பதிலிருந்து தொடங்கி அதே வரிசையில் 'எக்ஸ்ப்ளோரர்' வரை சென்றால் 'ஷெல் ஐகான்ஸ்' என்ற கிளை இருக்கும். அதில் 29 என்ற பெயருள்ள பதிவை நகல் எடுத்தபின் அழித்தால் பழைய அம்பு வரும். அம்பு இருப்பது நல்லதுதான். எது ஷார்ட்கட், எது உண்மைக் கோப்பு என்று வேறெப்படித் தெரியும்?

8. பென்டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால்

ஜெராக்ஸ் கடைகளில் அன்றாடம் காண்பது. வாடிக்கையாளர் பென்டிரைவைக் கொடுப்பார். உள்ளே ஃபோல்டர் படத்தோடு ஷார்ட்கட்டுகள் இருக்கும். இது ஐகான் கோளாறு அன்று, வைரஸ். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை இயக்கும் ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. சொடுக்கினால் உங்கள் கணினிக்கும் தொற்றும், அடுத்த வாடிக்கையாளரின் பென்டிரைவுக்கும் பரவும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஷார்ட்கட்டின் ஐகானைத் திரையில் காட்டும்போதே இயங்கிவிடும் ஓட்டையைப் பயன்படுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. புதுப்பிப்பே போடாத பழைய கணினியில் அந்நியப் பென்டிரைவைச் செருகாமலிருப்பதே உத்தமம்.

முதலில் கணினியை, பிறகு பென்டிரைவை ஆன்டிவைரஸால் முழுமையாகச் சோதியுங்கள். இந்த வரிசை மாறினால், கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் நீங்கள் மீட்ட ஃபோல்டர்களை மறுபடி மறைத்துவிடும்.

அதன்பின் 'ரன்' பெட்டி வழியாகக் கட்டளைத் திரையைத் திறந்து, பென்டிரைவின் எழுத்தையும் அதை ஒட்டி மேலும் கீழுமான இரு புள்ளிகளையும் தட்டி என்டர் கொடுங்கள். வரியின் தொடக்கத்தில் அந்த எழுத்து வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கே சி என்றே இருந்தால் அடுத்த கட்டளை உங்கள் கணினியிலுள்ள கோப்புகளின் மறைவுத் தன்மையைக் கலைத்துவிடும்.

கட்டளை: 'ஆட்ரிபியூட்' என்பதன் முதல் ஆறு எழுத்துகள், இடைவெளி, சிறு கோடு எஸ், இடைவெளி, சிறு கோடு எச், இடைவெளி, சிறு கோடு ஆர், இடைவெளி, நட்சத்திரம், இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, சாய்கோடு டி. ஃபோல்டர்கள் திரும்பத் தெரியும். வாடிக்கையாளரின் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, போலி ஷார்ட்கட்டுகளோடு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். சில நேரங்களில் உண்மைக் கோப்புகள் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளப்பட்டிருக்கும். அதையும் திறந்து பார்க்காமல் ஃபார்மட் கொடுக்க வேண்டாம்.

9. சரிசெய்தும் திரும்பத் திரும்ப வந்தால்

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரம்பி வழியும் டிரைவில் கேஷ் எழுத இடமிருக்காது. 'கிளீனர்' வகை மென்பொருள் ஏதேனும் நாள்தோறும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லிக் கேஷை அழித்துக்கொண்டே இருப்பவை உண்டு. பள்ளி ஆய்வகங்களில், ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திருப்பும் மென்பொருள் போட்டிருப்பார்கள். அதை முதலில் நிறுத்திவைக்காமல் சரிசெய்தால் உங்கள் வேலை மறுநாள் தங்காது; சரிசெய்த பிறகு அதை மீண்டும் இயக்கிவிடுங்கள்.

யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய், மின்சாரம் போனவுடன் கணினியும் அணைந்தால் கேஷ் மட்டுமல்ல, விண்டோஸ் கோப்புகளும் கெடலாம். கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ், எஃப், சி, இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி 'ஸ்கேன்' 'நவ்' இரண்டும் சேர்த்துத் தட்டினால் விண்டோஸ் தன் கோப்புகளைச் சோதித்துக்கொள்ளும். பழைய ஹார்டு டிஸ்கில் இதற்கு நீண்ட நேரம் ஆகும், நடுவில் மூடாதீர்கள். சோதனையின்போது டிஸ்கிலிருந்து டிக், டிக் என்ற ஓசை கேட்டால் ஐகானை விட்டுவிட்டுக் கணக்குகளை வேறு டிஸ்குக்கு நகலெடுப்பதே அன்றைய வேலை.

எல்லாம் சரியானபின், முதலில் எடுத்த அலைபேசிப் படத்தைப் பார்த்து ஐகான்களைப் பழைய இடங்களில் வையுங்கள். 'வியூ' மெனுவில் 'ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்' அணைந்திருக்கட்டும். 'அலைன் ஐகான்ஸ் டு கிரிட்' இருக்கலாம். பிறகு 'சைன் அவுட்' செய்து மீண்டும் நுழைந்து, ஒவ்வொரு ஐகானையும் ஒருமுறை திறந்து மூடி, அந்தக் கணினியில் அன்றாடம் உட்காருபவரிடமே ஒப்படையுங்கள். டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட்டுகளை மட்டும் டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்தால் அடுத்த முறை நேரம் மிச்சம். ஆனால் அந்த நகல் அந்தக் கணினிக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்துக் கல்லாக் கணினியில் கொண்டுபோய் ஒட்டினால் நான்காம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.